சித்திரப் பலகை செய்யும் முறை

பிழைப்பின் நிமித்தம் தாயகத்தை விட்டு வந்து, பாரத நாட்டின் பல பகுதிகளிலும் குடியேறியிருக்கும் நம்மவர் இல்லங்களில், தஞ்சாவூர்ச் சித்திரம் ஒன்றைக் காண்பது அரிதன்று. வெண்ணெய்த் தாழியுடன் கண்ணன், பட்டாபிஷேக இராமன், கஜலட்சுமி என்று ஏதேனும் ஒரு திருவுருவம் கூடத்துச் சுவரை அலங்கரிக்கும். சில வீடுகளில் அது பாட்டியார் காலத்துச் சொத்து; சில வீடுகளில் திருமணச் சீர். அண்மைக் காலமாக நம் பெண்மணிகளும் பிள்ளைகளும் இக்கலையைத் தாமே பயின்று எழுதியும் வருகின்றனர். இது பெரிதும் மகிழத்தக்கது.

ஆயினும், தங்கரேக்கின் தரத்தைப் பற்றியும் கற்களின் ஒளியைப் பற்றியும் ஆராய்கின்ற நாம், அவையனைத்தையும் தாங்கி நிற்கும் பலகையைப் பற்றிச் சிந்திப்பதில்லை. எங்கள் நாகபுரிக் குடியிருப்பில் ஓர் அம்மையார், தம் மகளின் திருமணத்திற்கென்று நான்கு மாதம் அமர்ந்து ஒரு சித்திரம் எழுதினார். பலகை கடையில் ஆயத்தமாக வாங்கியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது வில்போல் வளைந்தது. வளைவின் மீதிருந்த சுண்ணப் பூச்சு வெடித்து, தங்கரேக்கும் கீறல் கண்டது. எழுதிய கையிலோ வர்ணத்திலோ குற்றமில்லை. குற்றம் முழுவதும் பலகையினுடையதே. நான்கு மாத உழைப்பும், சில ஆயிரம் ரூபாய்ப் பெறுமானமுள்ள தங்கரேக்கும் ஒரு மரத்துண்டின் குறையால் வீணாவது எவ்வளவு பரிதாபம்! நல்ல பலகையை வீட்டிலேயே செய்துகொள்வது கடினமன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலகைப் படம் என்னும் பெயர்

தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855ஆம் ஆண்டு வரையில், இக்கலை செழித்தோங்கியது. 1798 முதல் 1832 வரை அரசு புரிந்த இரண்டாம் சரபோஜி மன்னர் இதனை மிகவும் ஆதரித்தார். அந்நாளில் இச்சித்திரங்களுக்குப் பலகைப் படம் என்றே பெயர் வழங்கிற்று. பெயரிலேயே பலகைக்குத் தந்திருக்கும் முதலிடத்தைக் கவனித்தல் வேண்டும். பழைய ஓவியர் பலாமரம் போன்ற முற்றிய மரத்தின் பலகையைத் தேர்ந்து, அதன் மேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப் பொடியையும் பிசினையும் குழைத்துப் பலமுறை பூசி, வழுவழுப்பாகத் தேய்த்த பின்னரே கோடு வரையத் தொடங்கினர்.

இம்முறை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவில் பூரி நகரைச் சார்ந்த பட்டசித்திரக் கலைஞர்களும் இரண்டு துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணம் பூசித் தேய்த்தே படம் எழுதுகின்றனர். அவர்களுக்குப் பலகை இல்லை, துணியே தளம். ஐரோப்பாவில் இத்தாலி நாட்டினர் பாப்லர் மரப் பலகையையும், பிளாண்டர்ஸ் நாட்டினர் ஓக் மரப் பலகையையும் கையாண்டனர். உலகப் புகழ் பெற்ற மோனாலிசா ஓவியமும் பாப்லர் பலகையின் மேல் எழுதப்பட்டதே. அப்பலகையும் நாளடைவில் சிறிது வளைந்து, மேற்புறத்தில் ஒரு பிளவு கண்டிருக்கிறது. லியனார்டோவின் பலகையையே விட்டுவைக்காத மரத்தின் குணம் யாதென்று முதலில் அறிதல் நலம்.

மரம் ஏன் வளைகிறது?

வெட்டி அறுத்த பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளியிடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அன்று. நார் ஓடும் நீளவாட்டில் மாறுதல் மிகச் சொற்பம். பச்சை மரம் முற்றிலும் உலர்ந்தாலும் நூற்றில் ஒரு பங்கு கூடச் சுருங்காது. குறுக்குவாட்டிலோ, மரத்திற்கு மரம் வேறுபட்டு, பெரும்பாலும் நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம், வளையங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. இவ்வேற்றுமையே பலகை கிண்ணம்போல் குழிவதற்குக் காரணம்.

தஞ்சையிலும் சென்னையிலும் வாழ்வோரை விட நமக்கு இது முக்கியம். நாகபுரியில் கோடை வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவதுண்டு. காற்றில் ஈரமே இராது. ஜூன் பிற்பகுதியில் மழை இறங்கிவிட்டால் உப்புக் கூட நீர்த்துப்போகும். தில்லியின் நிலையும் இதனை ஒத்ததே. பம்பாயில் கடற்காற்று, நான்கு மாதம் சுவரே வியர்க்கும். ஊரில் உலர்த்திய பலகை, இங்கு வந்து ஆண்டுதோறும் விரிந்து சுருங்கித் தவிக்கிறது. மேலே பூசிய சுண்ணமோ விறைப்பானது. மரத்தோடு சேர்ந்து நீளவும் குறுகவும் அதற்கு இயலாது. ஆகவே வெடிக்கிறது.

எந்தப் பலகை?

இந்நாளில் பெரும்பாலோர் பிளைவுட் பலகையையே பயன்படுத்துகின்றனர். இதில் தாழ்வொன்றுமில்லை. மெல்லிய மரத் தகடுகளை, ஒன்றின் நார் மற்றொன்றின் நாருக்குக் குறுக்காக அமையுமாறு, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்பட எண்ணிக்கையில் ஒட்டிச் செய்வதால், ஒரு தகடு விரிய முயன்றால் அடுத்த தகடு அதனைப் பிடித்து நிறுத்தும். வாங்கும்போது இந்தியத் தர முத்திரையைக் கவனிக்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகப் பலகை. அதில் கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகமே நமக்கு ஏற்றது. ஐ.எஸ். 710 என்பது கப்பல் ரகம். விலை கூடினும் ஈரத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் வழவழப்பாகத் தோன்றினும், நீர் பட்டால் விளிம்பில் ஊதிவிடும். துணி ஒட்டும் வேலைக்கு அவை உதவா.

கடையில் பலகையைக் கண்மட்டத்தில் பிடித்து, விளிம்பு நெடுகப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். விரலால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே தகடு விட்டுப்போன இடத்தில் பொத்தல் ஓசை எழும். ஊசித்துளைகளும் அவற்றினின்று உதிரும் மாவும் உளுப்பின் அடையாளம். அத்தகைய பலகையை இலவசமாகத் தந்தாலும் கொள்ளலாகாது.

ஒரு முழுப் பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ளது. 18 அங்குல உயரமும் 14 அங்குல அகலமும் உள்ள துண்டுகளாக நேர்வரிசையில் அறுத்தால் 15 துண்டுகள் கிடைக்கும். தனித்தனியே வாங்குவதை விட, சங்கத்துச் சித்திர வகுப்பினர் சேர்ந்து ஒரு முழுப் பலகையை வாங்கிப் பங்கிட்டுக் கொள்வது சிக்கனம்.

செய்முறை

மேற்கூறிய 18க்கு 14 அங்குல அளவிற்கு 6 மில்லிமீட்டர் கனம் போதும். பின்புறச் சட்டம் அதற்கு உறுதியளிக்கும். அறுக்குமுன், கோட்டின் மேல் கூரிய கத்தியால் ஆழக் கீறிக்கொண்டால் விளிம்பில் சிராய் பெயராது. கைரம்பத்தால் அறுக்கும்போது நல்ல முகம் மேல்நோக்கி இருத்தல் வேண்டும்.

பின்புறச் சட்டத்திற்கு 1½ அங்குல அகலமும் ¾ அங்குலக் கனமும் உள்ள, நன்கு உலர்ந்த ரீப்பர் கட்டைகள் நான்கு தேவை. இவற்றை விளிம்பை ஒட்டிப் பசை தடவிப் பொருத்தி, மேலே செங்கல்லோ தண்ணீர்க் குடமோ பாரமாக வைத்து ஓர் இரவு விட்டுவிடவும். பாரம் வைக்குமுன் மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் ஏறத்தாழ 22.8 அங்குலமாகச் சமமாக இருந்தால், பலகை சதுரம் பிசகவில்லை என்று பொருள். 2 அடிக்கு மேற்பட்ட பலகையாயின் நடுவே ஒரு குறுக்குக் கட்டையும் வேண்டும்.

முழு மரத்திலேயே செய்ய விரும்புவோர் ஒன்றை மறத்தலாகாது. அங்கே குறுக்குக் கட்டையைப் பசையிட்டு ஒட்டக் கூடாது. பலகை குறுக்காக விரியும். கட்டையோ நீளவாட்டில் விரியாது. இரண்டையும் பிணைத்தால் பலகை பிளக்கும். கட்டையில் திருகாணித் துளைகளை நீள்வட்டமாக வெட்டி, நடுத்துளையை மட்டும் இறுக்கி, மற்றவற்றைச் சற்றுத் தளர்வாக முடுக்க வேண்டும். அப்பொழுது பலகை விரியவும் சுருங்கவும் இடம் பெறும். வளைய மட்டும் இடம் பெறாது.

இனி உப்புத்தாளால் முகத்தைத் தேய்த்து, விளிம்புகளின் கூர்மையை மழுக்கவும். கூரிய விளிம்பில் துணியும் பூச்சும் எளிதில் அறுந்துவிடும். தூசியைத் துடைத்துவிட்டு, நீர் சேர்த்து நெகிழ்த்திய பசையை முகத்தில் ஒரு முறை பூசி உலரவிடுக. பின்புறத்திற்கும் சட்டத்திற்கும் விளிம்புகளுக்கும் வார்னிஷ் இருமுறை பூச வேண்டும். முன்புறத்தைப் பூச்சினால் மூடிவிட்டு, பின்புறத்தை வெறுமையாக விட்டால், ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கி, பலகை வளையும். மேற்கூறிய அம்மையாரின் பலகையில் பின்புறம் ஒரு துளி வார்னிஷும் கண்டிலது.

துணியும் சுண்ணமும்

துணிக்குப் பழைய பருத்தி வேட்டியே உத்தமம். பலமுறை துவைத்ததாதலால் இனிச் சுருங்காது. கஞ்சி இருப்பின் வெந்நீரில் அலசி நீக்கிவிட வேண்டும். பசைக்கு ஃபெவிகால் முதலியன இன்று கைகொடுக்கின்றன. பழைய முறையை விரும்புவோர், புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து அரைத்து, நீர் விட்டுச் சிறு தீயில் கிளறிக் காய்ச்சிக் கொள்ளலாம். பூசணம் பிடியாதிருக்க மயில்துத்தம் சிறிது சேர்ப்பதுண்டு, அது நஞ்சு. ஆகையால் சமையல் பாத்திரத்தைத் தொடலாகாது; குழந்தைகளுக்கு எட்டவும் வைக்கலாகாது.

பலகையை விட நான்கு புறமும் 2 அங்குலம் கூடுதலான துணியை எடுத்து, பசை தடவிய முகத்தின் மேல் பரப்பி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உள்ளங்கையால் நீவ வேண்டும். காற்றுக் குமிழ் ஒன்றும் எஞ்சலாகாது; இன்று விட்ட குமிழே நாளை உரியும் இடமாகும். ஓரத்துணியைப் பின்னே மடித்து ஒட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துக. வெயிலில் வைத்தால் பசை விரைந்து சுருங்கிப் பலகையை இழுக்கும்.

பின்னர்ச் சுண்ணப் பூச்சு. பெயின்ட் கடையில் கிடைக்கும் சாக் பவுடரைச் சலித்து, வேலம்பிசின் கரைசலோடோ ஃபெவிகாலோடோ குழைத்து, மோர் பதத்தில் கொள்ள வேண்டும். கனமாக ஒரே பூச்சில் முடிக்க எண்ணுவது பெரும்பிழை. மெல்லிய பூச்சு ஐந்தாறு, ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும், ஒவ்வொன்றும் முற்றிலும் உலர்ந்த பின்னரே பூச வேண்டும். கடைசிப் பூச்சு உலர்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால், முட்டையோடு போன்ற தளம் அமையும்.

பதத்தை அறிய எளிய சோதனை உண்டு. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டிவந்தால் பசை குறைவு. தளம் பளபளத்து, நீர்த்துளி உள்ளிறங்காமல் நின்றால் பசை மிகுதி. இரண்டுக்கும் இடைப்பட்டதே வர்ணத்தைப் பற்றும். கலவை ஒவ்வொன்றையும் முதலில் வேண்டாத துண்டு ஒன்றில் பூசிப் பார்ப்பது நலம். தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் அவசியம்.

கொண்டுசெல்வதும் மாட்டுவதும்

படம் முடிந்து ஊருக்கு எடுத்துச் செல்வோருக்கு என் உத்தியோகத்தை ஒட்டி ஒரு வார்த்தை. இரயில் விதிகளின்படி பயணிகள் பெட்டியில் உடன் கொண்டுசெல்லும் பெட்டியின் வெளியளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்திற்கு மேற்படலாகாது. ஆகவே 2 அடிக்கு 1½ அடி வரையுள்ள பலகையைக் கட்டு சேர்த்தும் உடன் எடுத்துச் செல்லலாம். அதனினும் பெரியதாயின் மரச்சட்டம் அடித்துப் பார்சலில் அனுப்புவதே முறை. எதுவாயினும் படுக்கவைத்து அதன் மேல் மூட்டையை ஏற்றாமல், நிமிர்த்தி வைக்கச் செய்யுங்கள்.

வீட்டில் மாட்டும்போது, மழைச்சாரல் மோதும் வெளிச்சுவரையும், குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்க்கவும். சட்டத்தின் பின்னே நான்கு மூலையிலும் கார்க்குத் துண்டு ஒட்டினால், சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று உலவும். கண்ணாடி போடுவோர், அது தங்கரேக்கைத் தொடாதவாறு இடைவெளி விடவேண்டும்.

தஞ்சாவூர்ச் சித்திரத்திற்கு 2007-08ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிட்டியது. அப்பெயரைத் தாங்கும் படங்கள் தஞ்சையிலேயே எழுதப்படுகின்றன. நம் இல்லங்களில் எழுதப்படுபவை கடைக்குப் போவன அல்ல. மகளுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் போவன. ஆதலால், வேலை முடிந்ததும் பலகையின் பின்புறத்தில், எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, இன்ன மரம், இன்ன பசை என்று மையினால் குறித்து வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதனைச் செப்பனிட நேர்பவருக்கு அக்குறிப்பு வழிகாட்டும். தங்கள் பாட்டி எந்த ஊரில் இருந்துகொண்டு அதனை எழுதினார் என்பதும் அப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.