தந்தையரே, உங்களையும் பேணுங்கள்!

தமிழ்க் குடும்பங்களில் செலவுக்கென ஒரு வரிசை உண்டு. மாதத் தொடக்கத்தில் கைக்கு வரும் ஊதியத்தில் முதற்பங்கு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு. அடுத்தது வீட்டு வாடகைக்கும் மளிகைக் கடைக்கும். பிறகு வயது முதிர்ந்த தாயின் கண் சிகிச்சைக்கும் மனைவியின் மருந்துக்கும். வட்டி கொடுத்தது போக ஏதேனும் எஞ்சினால், அது மகளின் திருமணத்திற்கென்று சீட்டில் சேரும். இந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் குடும்பத் தந்தை. ஈராண்டாக அவரை வாட்டும் பல்வலிக்கு மட்டும் முறை வருவதே இல்லை. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அடுத்த மாதமும் அதே வரிசைதான்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இத்தகைய தந்தையரை நாம் காண்கிறோம். விடியுமுன் பணிமனைக்கு விரையும் பேருந்து ஓட்டுநர், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் பகல் வேலையோடு இரவு வேலையும் சேர்த்துப் பார்க்கும் தொழிலாளி, பள்ளி முடிந்தபின் டியூசன் நடத்தும் ஆசிரியர், நள்ளிரவுவரை கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளந்தந்தை என இவர்கள் பலதிறத்தினர். இவர்களுள் எவரும் தன்னலக்காரர் அல்லர். தம்மை மறந்து உழைப்பதே தந்தைக்கு அழகு என நம்புகிறவர்கள். அவர்களுடைய அன்பைப் போற்றுகிறோம். ஆயினும் அந்த நம்பிக்கையைச் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

தியாகமா, அலட்சியமா?

தியாகம் என்பது பிறர்க்குப் பயன் தருவது. தந்தை தாம் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டினால் பிள்ளையின் பசி தீருகிறது. ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை வாங்காமல் விட்டால் யாருடைய பசி தீருகிறது? மிச்சமாவது சில ரூபாய். ஒருநாள் அவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டாலோ, மனைவியின் நகைகள் அடகுக்குப் போகின்றன. படித்துக்கொண்டிருந்த மகன் ஒர்க்ஷாப்பிற்குப் போகிறான். தந்தை தம்மைப் புறக்கணித்ததற்கு விலை கொடுப்பவர்கள், அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களே. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் முன்னோர் வாக்கு. சுவரைக் காப்பதும் சித்திரம் வரையும் வேலையில் ஒரு பகுதியன்றோ?

வலி இல்லாத நோய்கள்

"எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பது தந்தையர் வழக்கமாகக் கூறும் விடை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்தில் வலி தருவதில்லை. அதுதான் அவற்றின் வஞ்சகம். வெவ்வேறு நாள்களில் அளந்தும் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், தலைவலியே இல்லாவிடினும் அது நோய்தான். இதயமும் சிறுநீரகங்களும் ஓசையின்றிப் பழுதடைகின்றன. எனவே 30 வயதைக் கடந்தவர்கள், நோய் இருப்பதாகத் தோன்றாவிடினும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. இவ்விரு நோய்க்கும் மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ஆதலின் பணமில்லை என்பது இங்கே காரணமாகாது.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோன்ற அழுத்தம், இடத் தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியன தோன்றும்போது நம்மவர்கள் "வாயுத் தொல்லை" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கிறது. அப்போது செய்யவேண்டியது 108-ஐ அழைப்பதே. வாயுத் தொல்லைதான் என்று மருத்துவர் சொன்னால், மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம்.

ஓய்வு சோம்பல் அன்று

உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் இணைந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று அது கண்டது. நீண்ட நேர உழைப்பின் காரணமாக 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் மாண்டதாக அது கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள்.

உழைப்போரின் ஓய்வு யாரோ இரங்கித் தந்த சலுகை அன்று, அஃது உரிமை. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட "ரேரும் நோவாரும்" என்னும் சுற்றுமடல், தொழிலாளியின் உடல்வலிமைக்கு மிஞ்சி வேலை வாங்குதல் நீதியன்று என்றும், ஞாயிறு ஓய்வு அவருக்கு உரியது என்றும் எடுத்துரைத்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என வரம்பு கட்டியது. 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தெழுந்தன. அவ்வாண்டு மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. இவ்வாறு பலர் போராடிக் காத்த ஓய்வை நாமே விற்றுவிடலாமா?

கடன் நெருக்குகையில் ஓவர்டைம் பார்க்காமல் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சில மாதங்கள் அது தவிர்க்க முடியாததே. ஆனால் கடன் தீர்ந்தபின்னும் அந்தப் பழக்கம் நிற்கிறதா? மகனுக்கு மோட்டார் சைக்கிள் என்றும், வீட்டின் மேல் இன்னொரு மாடி என்றும் தேவைகள் வளர்கின்றன. தந்தை வாங்கித் தந்த பொருள்கள் நிறைந்த வீட்டில் தந்தையைக் காணோம்!

எலியா இறைவாக்கினரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மனம் சோர்ந்து, சாவையே வேண்டி அவர் பாலைநிலத்தில் படுத்திருந்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். மறுபடி எழுப்பி உண்ணச் செய்தார். நீண்ட பயணம் அதன் பின்னரே தொடங்கிற்று.

பேசாத சுமை

உடலைவிட மனத்தைப் பற்றி ஆண்கள் வாய் திறப்பதில்லை. "ஆண்பிள்ளை அழக்கூடாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தையும் கடனின் முழுத் தொகையையும் மனைவியிடம்கூட மறைக்கிறார்கள். பூட்டிய மனத்திற்கு மதுக்கடை ஒன்றே திறந்த கதவாகத் தோன்றுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டோருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்கள்; நான்கில் ஒருவர் தினக்கூலி பெறுபவர். இது நம்மை உலுக்க வேண்டும்.

மனைவியிடமோ, உடன்பிறந்தாரிடமோ, நம்பத்தக்க ஒரு நண்பரிடமோ மனத்தைத் திறப்பது ஆண்மைக்கு இழுக்கன்று. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட "டெலி மானஸ்" சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். இல்லத்தரசியரும் ஒன்று செய்ய வேண்டும். கணவர் சுமையைச் சொல்ல முன்வரும் வேளையில் குறை கூறாது கேளுங்கள்.

செய்யத்தக்கவை

1. ஆண்டிற்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதியுங்கள். பிறந்தநாளை அடுத்த வாரத்தை அதற்கென வைத்துக்கொண்டால் மறவாது.

2. நாளும் ஏழு மணி நேரம் உறங்குங்கள். இரவு வேலை பார்ப்பவரின் பகல் உறக்கத்தை வீட்டார் கலைக்காதிருக்கட்டும்.

3. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம் வேகமாக நடங்கள். பிள்ளைகளோடு நடந்தால் பேச்சுக்கும் நேரம் கிடைக்கும்.

4. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்துங்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இக்கணக்கில் அடங்கும். புகையிலையை அறவே விடுங்கள்.

5. வாரத்தில் ஒருநாள் வேலையை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுங்கள்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு வைப்பதன்று. மகன் தந்தையைப் பார்த்தே தந்தையாக இருக்கக் கற்கிறான். தம்மை வருத்தி வருத்தி ஓய்ந்துபோகும் தந்தையைக் கண்டு வளர்பவன் நாளை அவ்வாறே செய்வான். மருத்துவரிடம் செல்லத் தயங்காத தந்தையைக் காண்பவனும் அவ்வாறே செய்வான். ஆகவே அன்புத் தந்தையரே, இம்மாதச் செலவுப் பட்டியலை எழுதும்போது உங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள். கடைசியில் அன்று, நடுவிலே எழுதுங்கள். அந்தப் பல்வலிக்கும் ஒரு நாள் குறியுங்கள்.