கழிவுநீர்க் கசடும் எங்கள் குசினியும்

ஊரில் மலசலகூடக் குழி வெட்டும்போது கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று அளந்து பார்த்தவர்கள் நாம். இங்கே விசையை அழுத்தினால் எல்லாம் போய்விடுகிறது. எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பாலான வேலையைச் செய்வது பக்டீரியாக்கள்தான். காற்றூட்டிய தொட்டியில் அவை கழிவைத் தின்று பெருகுகின்றன. நீர் தெளிகிறது; பெருகிய பக்டீரியாக் கூட்டம் கசடாக அடியில் தங்குகிறது. இந்த மிஞ்சும் கசடுதான் நகரங்களுக்குத் தலையிடி. நியூ ஜெர்சியும் நியூயோர்க்கும் முன்பு அதைக் கப்பலில் கொண்டுபோய் அத்லாந்திக் கடலில் கொட்டின. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது 1992இல் முற்றாக நின்றது.

கசடைக் குறைக்கப் பரவலாகச் செய்வது, மூடிய தொட்டியில் காற்றில்லாமல் செரிக்க வைப்பது. எமது குடலைப் போலத்தான்: சூடும் நேரமும் வேறு வகைப் பக்டீரியாவும் வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கசடிலுள்ள சேதனப் பொருளில் ஏறக்குறையப் பாதி, மீதேன் கலந்த வாயுவாகிவிடும். ஓக்லாந்தில் பே பாலத்துக்கு அருகிலுள்ள ஈஸ்ட் பே நிலையம் உணவகக் கொழுப்பையும் லொறியில் வரவழைத்து இத்தொட்டியில் சேர்க்கிறது. தன் தேவையை விடக் கூடுதல் மின்சாரம் எடுத்த வட அமெரிக்காவின் முதல் கழிவுநீர் நிலையம் என்று 2012இல் அது பெயர் பெற்றது.

அப்படியென்றால் வடை சுட்ட எண்ணெயை சிங்கில் ஊற்றலாமே என்பீர்கள். வேண்டாம். அது தொட்டிக்குப் போய்ச் சேராது. வழியில் குழாயில் இறுகி, கழிவறையில் போடும் ஈரத்துடைப்பான்களோடு சேர்ந்து அடைத்துவிடும். கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே திரும்பும். எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து, சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள்.

செரித்த கசடில் கிருமிகள் வெகுவாகக் குறையும். ஒட்டாத சட்டிகளோடு பேசப்படும் பிஃபாஸ் இரசாயனங்கள் மட்டும் அழிவதில்லை. உரமாக வயலுக்கே போய்விடுகின்றன. மெய்ன் மாநிலம் 2022இல் அதைத் தடைசெய்தது. கசடு இட்ட பண்ணையில் வாழ்ந்து அதன் விளைச்சலையே உண்போருக்கு ஆபத்துக் கூடலாம் என்று 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் முகமையின் வரைவு அறிக்கையும் சொன்னது.

மருந்துகளும் அப்படித்தான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பின் பெரும்பாலும் சிதையாமல் நீரோடு வெளியேறும். சிப்ரோஃபுளொக்சசின் கசடில் ஒட்டிக்கொள்ளும். நாம் விழுங்கிய மருந்தில் ஒரு பங்கு எப்படியும் அங்கே போகும், அதற்கு வழியில்லை. மிஞ்சிய குளிசைகளையாவது கழிவறையில் கொட்டாமல் மருந்தகத்தின் சேகரிப்புப் பெட்டியில் போடலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் நாடு முழுவதும் திரும்பப்பெறும் நாளும் உண்டு. ஃபென்டனில் போன்ற கடும் வலிநிவாரணிகள் மட்டும் விதிவிலக்கு: சேகரிப்பு இடம் கிடைக்காவிட்டால், பிள்ளைகள் கையில் படுமுன் அவற்றைக் கழிவறையில் போட்டுவிடுவதே பாதுகாப்பு.