இரும்பு பேசும்!

தர்மபுரி–கிருஷ்ணகிரி சாலையில் உள்ள ஊர் காரிமங்கலம். அங்கே ஒரு வீட்டுப் பரணில் துருப்பிடித்த இரும்புத் துண்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தாத்தா வைத்திருந்த பட்டாளத்து ஜீப்பின் சாமான்" என்கிறாள் பாட்டி.

என்ன சாமான்? யாருக்கும் தெரியவில்லை. காயலான் கடையில் போட்டுவிடலாமா?

பொறுங்கள்!

குண்டு போலத் தோன்றினால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். வண்டிச் சாமான்தான் என்றால், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். எழுத்து தெரியலாம்.

6 லட்சம் ஜீப்புகள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு என்ற இரு கார் கம்பெனிகள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. இரண்டும் ஒரே அமைப்பு. ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தும். போர் முடிந்ததும், இந்தியாவில் இருந்த பட்டாள வண்டிகள் பல விற்பனைக்கு வந்தன.

எந்தக் கம்பெனி சாமான் என்று அறிவது எப்படி?

போர்டு கம்பெனி தன் சாமான்களில் 'எப்' என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தது. போல்ட்டின் தலையில்கூட அந்த எழுத்து உண்டு!

முழு வண்டியே இருந்தால் இன்னும் சுலபம். ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த 'ப' போல இருந்தால் போர்டு.

எழுத்து தேய்ந்துவிட்டதா? பல்லை எண்ணுங்கள். துளையையும் மரையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய ஜீப்புகளைப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. இந்த ஒரு சாமான் கிடைக்காமல் எங்கோ ஒரு வண்டி நிற்கலாம். உருக்கிவிட்டால் திரும்ப வராது.

தராசில் போடுவதற்கு முன், ஒரு முறை படித்துப் பாருங்கள்!