உள்நாட்டுப் பொருளும் உயர்ந்த விலையும்

அயல்நாட்டுப் பொருள் மலிவாகக் கிடைக்கையில், நம் நாட்டில் செய்யப்பட்டதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நற்செயலா, வீண்விரயமா? மார்க்க அடிப்படையில் இவ்வினாவை அணுகுவோம்.

அயல்நாட்டுப் பொருள் என்பதனாலேயே எதுவும் விலக்கப்பட்டதாகாது. ரோமப் பேரரசின் ஆளுகையிலிருந்த ஷாம் தேசத்து அங்கியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அணிந்துள்ளார்கள். எனினும், மலிவு மட்டுமே அளவுகோலும் அன்று.

மதீனாச் சந்தையில் உலர்திராட்சையை மலிவாக விற்ற ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களிடம், விலையை உயர்த்துமாறும் இல்லையேல் சந்தையை விட்டு நீங்குமாறும் கலீஃபா உமர் (ரலி) கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது இடம்பெற்றுள்ளது. தாயிஃபிலிருந்து சரக்குடன் வரும் வணிகர் பாதிக்கப்படுவர் என்பதே காரணம் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அறிவிப்பு விளக்குகிறது. பின்னர் உமர் (ரலி) அவர்களே ஹாதிபின் இல்லம் சென்று, தாம் கூறியது தீர்ப்பன்று, மக்கள் நலம் நாடிய கருத்தே. விரும்பியவாறு விற்கலாம் என்றார்கள் எனவும் அவ்வறிவிப்பு கூறுகிறது. ஆக, இது கட்டாயமன்று. ஆனால் கருதத்தக்க நலன்.

அந்நலனைப் புறக்கணித்தால் நேர்வதென்ன? 1906இல் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. எதிர்த்தரப்போ இலவசப் பயணத்துடன் குடையும் தர முன்வந்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார்; 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டியாளரை அகற்றுவதற்கென வரும் மலிவு, போட்டியாளருடனேயே மறைந்துவிடும்.

எனவே, கூடுதல் விலை கொடுக்குமுன் மூன்றைச் சீர்தூக்க வேண்டும்.

முதலாவது, வாய்மை. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி எனக் கூறி விற்பவரும் அவ்வெச்சரிக்கைக்கு உரியவரே.

இரண்டாவது, கூடுதல் தொகை சேருமிடம். அது நெய்தவரின் கூலியாகிறதா, இடைத்தரகரின் இலாபமாகிறதா?

மூன்றாவது, வாங்குபவரின் நிலை. தம் பிள்ளைகளின் உணவைக் குறைத்து நாட்டுப்பற்றைக் காட்டுமாறு மார்க்கம் எவரையும் பணிக்கவில்லை. குடும்பத்தின் உரிமையே முற்பட்டது.

இம்மூன்றும் பொருந்துமிடத்தில் நாம் கொடுக்கும் கூடுதல் தொகை விரயமன்று. உழைப்பவரின் தொழில் அழியாதிருக்க நாம் செலுத்தும் பங்காகும். பொருந்தாவிடில், மலிவானதை வாங்குவதில் குற்றமேதும் இல்லை.