கடைக்கு வரும் கல்லூரி மாணவர்கள்

மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும்படி கல்லூரியிலிருந்து கடிதம் வந்தால், 'நமக்கேன் வம்பு' என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். இது புதிய ஏற்பாடல்ல. 1906-இலேயே அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர், பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பினார்.

நம் கடையில் பி.காம். மாணவர் என்ன கற்பார்? புத்தகத்தில் சரக்கிருப்பு வெறும் எண். குடோனில் புளியும் வற்றலும் காய்ந்து எடை குறையும். அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஏட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் பணம் இருக்காது. எல்லாம் ஊரில் பாக்கி. ஜி.எஸ்.டி.யும் அப்படியே. வரியோடு பணம் கொடுத்துச் சரக்கு வாங்குகிறோம். விற்றவர் அந்த பில்லைத் தம் கணக்கில் காட்டாவிட்டால், 2022 முதல் உள்ளீட்டு வரி வரவு நமக்குக் கிடையாது. இதைக் கண்ணால் பார்த்த மாணவர் வகுப்பில் சும்மா உட்காரமாட்டார், ஆசிரியரைக் கேள்வி கேட்பார்.

ஆனால் டீ வாங்க மட்டும் அனுப்பிவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது நமக்கு அழகா? சரக்கு வரவைச் சரிபார்க்க விடுவோம். பாக்கி வசூலுக்கு நம் ஆளுடன் அனுப்புவோம். தீபாவளி நெரிசலில் சொல்லித்தர நேரமிராது. ஆடி மாதம் அனுப்பும்படி கல்லூரிக்கு எழுதலாம்.