பெட்ரோலைவிடக் கனமான புகை

அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போய்வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியென்றால், போகவர 61 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆக, இந்த ஒரு பயணத்துக்கு 140 கிலோ.

இங்கேதான் நம்மில் பலருக்கும் சந்தேகம் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். அதிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும்? யாரோ ஊதிப் பெருக்கிய கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

சோறு வடிப்பதை நினைத்துப் பாருங்கள். உலையில் போட்ட அரிசியைவிட வெந்த சோறு கனம். கூடிய எடை தண்ணீருடையது. பெட்ரோலும் அதுபோலத்தான், எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. பெட்ரோலின் எடையில் பெரும்பகுதி கார்பன், அதாவது கரி. அந்த ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். கார்பன் அணுவின் எடை 12, ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து 32, மொத்தம் 44. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.7 கிலோ வாயு ஆவது இப்படித்தான். டாங்கில் ஊற்றியதைப் போல மூன்று மடங்கு எடையைக் காற்றில் விட்டுவிட்டு வருகிறோம்.

இனிப் பங்கு பிரிப்போம். தனியாகப் போனால் 140 கிலோவும் நம் தலையில். நால்வர் சேர்ந்து போனால் ஆளுக்கு 35. வைகை எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால் இன்னும் குறையும். அந்த ரயிலை ஓட்டும் மின்சாரத்திலும் நிலக்கரி எரிந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே எஞ்சின் ஆயிரம் பேருக்கு மேல் இழுத்துப்போகிறது. விமானத்தில் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது: பிசினஸ் வகுப்பு இருக்கை அதிக இடம் எடுத்துக்கொள்வதால், அதில் அமர்பவரின் பங்கும் சாதாரண இருக்கைக்காரரைவிட அதிகம்.

இந்தப் புகையைக் கணக்கெடுக்க நிறுவனங்கள் பரவலாகப் பின்பற்றும் ஜிஹெச்ஜி (பசுங்குடில் வாயு) புரோட்டோகால் என்ற கணக்குமுறை, அலுவல் பயணத்தைத் தனியாகவும், ஊழியர்கள் தினமும் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோவதைத் தனியாகவும் எழுதச் சொல்கிறது. வெளியூர்ப் பயணத்தை மட்டும் எண்ணிவிட்டு, தினசரி டூவீலர்களை மறந்துவிடக் கூடாது.

பயணப்படிப் பட்டியலில் ரூபாய் மட்டும் இருந்தால் இந்தப் புகைக் கணக்குக்கு உதவாது. பெட்ரோல் விலை ஏறினால் தொகை ஏறும், புகை ஏறாது. எத்தனை லிட்டர், வண்டியில் எத்தனை பேர், போனில் பேசி முடித்திருக்கலாமா என்று மூன்று கட்டங்களை அதில் சேர்க்கச் சொல்லி உங்கள் கணக்குப் பிரிவில் கேளுங்கள். அடுத்த மாதப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.