சர்க்கரையும் நம் கல்லாவும்



நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதில் ஆச்சரியம் இல்லை. காலையில் கடை திறந்தால் இரவு வரை கல்லாவை விட்டு எழுவதில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் நான்குக்கு. சரக்கெடுக்க வரும் வியாபாரிக்கு டீ சொன்னால் நமக்கும் ஒன்று வரும். அந்தக் கணக்கில் நாளைக்கு ஏழெட்டு ஆகிவிடும். திருக்கழுக்குன்றத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு இது வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மூட்டை மூட்டையாகச் சர்க்கரை விற்பவருக்கு வராமல் யாருக்கு வரும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

நோயோடு குடித்தனம் நடத்துவதும் கணக்கு எழுதுவது போலத்தான். விரலில் குத்திப் பார்ப்பது அன்றாடச் சிட்டை. எச்பிஏ1சி என்னும் ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும், அது பேரேடு. பரிசோதனைக்கு முதல் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றப் பார்ப்பவர்கள் சிட்டையைத் திருத்தலாம், பேரேட்டைத் திருத்த முடியாது.

சர்க்கரை அதிகமாகவே இருந்தால் நாளடைவில் பாதத்தில் உணர்வு மரத்துப்போகும். எங்கள் குடோனில் மூட்டை இறக்கும் ஒருவர் ஆணி குத்தியதே தெரியாமல் இரண்டு நாள் வேலை செய்தார். தெரிந்த பிறகும், சொன்னால் கூலி போய்விடும் என்று மறைத்தார். ஒரு விரலை எடுத்த பிறகே புண் ஆறியது. இப்போது செருப்பில்லாமல் யாரும் குடோனுக்குள் மூட்டை தூக்குவதில்லை. பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் இதையே சொல்வேன். நடப்பது நல்ல மருந்து. சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நடப்பது ஆகாது. செருப்புப் போட்டு வலம் வந்தால் வேதகிரீஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதை அடியோடு போக்க மருந்தே கிடையாதா என்று கேட்காத நோயாளி இல்லை. அந்த ஏக்கத்தை வைத்துத்தான் பொடி வியாபாரம் நடக்கிறது. 48 நாளில் சர்க்கரை அறவே நீங்கும் என்று அச்சிட்ட பாக்கெட்டோடு ஒருவர் என் கடைக்கும் வந்தார். கமிஷன் நம் துவரம்பருப்பில் கனவிலும் கிடைக்காது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. லேபிளும் உறையும்கூட அந்தச் சட்டப்படி விளம்பரமே. சட்டம் கிடக்கட்டும். இன்சுலினை மட்டும் நம்பி வாழும் ஒரு பிள்ளை, பொடியை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிரே போய்விடும். அந்தப் பாக்கெட் நம் கடையிலிருந்து போனதாக இருக்க வேண்டாம்.

உண்மையாகத் தேடியவர்களின் கதை வேறு. 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1923-இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கொடுத்தார்கள். வியாபாரியாகிய எனக்கு இதைப் படித்தபோது பேச்சே வரவில்லை.

நம் சென்னையிலும் தேடல் நடந்திருக்கிறது. டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கி, 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்குத்தான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் 1,13,043 பேர் பங்கேற்றார்கள். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பது அதில் தெரிந்தது.

இந்த எண்களை ஆட்களாகப் பாருங்கள். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்கள். அதில் பலர் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கை நீட்டியவர்கள். அவர்கள் இல்லாமல் எந்த டாக்டரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

2025-இல் ஒரு செய்தி வந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கும் செல்களை முதல் வகை நீரிழிவு உள்ள 12 பேருக்குச் செலுத்தினார்கள்; ஓராண்டு கழித்து 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். நம் வயதில் வரும் இரண்டாம் வகைக்கு இது இல்லை. இருந்தாலும் பன்னிரண்டில் பத்து சின்னக் கணக்கா?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. ஆண்டுக்கு இருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தை ரத்தப் பரிசோதனைக்குத் திறந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் முறையாகக் கேட்டால் ஆட்களை அனுப்புவார்கள் என்று நம்புகிறேன். முதலாளிகள் மட்டும் வந்தால் போதாது. பில் போடும் பெண்ணும் லோடுமேனும் வர வேண்டும். என் கடையிலிருந்து பதினோரு பேர் வருவார்கள். அன்றைக்கு அரைநாள் கூலி அவர்களுக்கு உண்டு.